பீர்குனாவின் முறை

"கைராங்கு… இறக்குங்க. சிமல்டாண்டா… வையுங்க."

மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னாலிருக்கும் பாறையில் நின்று, உள்ளங்கைகளை வாய்க்கு இரண்டு பக்கமும் அணை கொடுத்து, ஐதமாயா தாமாங் குரல் கொடுக்கிறாள். சரிவின் கீழே கைராங்கில் ரைஸ் குக்கர்களின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்குகிறார்கள். மேலே அவளுடைய ஊரான சிமல்டாண்டாவில் செருகுகிறார்கள். சோறு பாதி வெந்ததா, முழுக்க வெந்ததா என்ற பேச்சுக்கு இடமில்லை. ஐதமாயா இறக்கச் சொன்னால் இறக்கிவிட வேண்டும். ஒருநாள் நறுக்கரிசிச் சோறு தின்றவர்கள் மறுநாள் அரிசியை முன்கூட்டியே களைந்து வைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

நேபாள மலையிலிருக்கும் இந்த இரண்டு ஊருக்கும் சேர்த்து மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்துக்கு இருப்பது ஒரே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். பல்பு, டிவி, போனுக்குச் சார்ஜ் எல்லாவற்றையும் அது முனகாமல் தாங்கும். ரைஸ் குக்கர் மலையேறி வந்தபோதுதான் வினையும் கூடவே வந்தது. இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் உலை வைத்தால் ஃபியூஸ் போய்விடும். அதைப் போட வேண்டிய லைன்மேன் இருப்பது அடுத்த மலையில். அவன் இறங்கி ஏறி வருவதற்குள் பொழுது விடிந்துவிடும். சங்கம் முதலில் பள்ளிக்கூட மணியை அடித்துப் பார்த்தது. ஒருவரும் மதிக்கவில்லை. மணிக்குத் திட்டத் தெரியாது. அப்புறம்தான் ஐதமாயா வந்தாள். யாரும் அவளை நியமிக்கவில்லை. ஒரு சாயங்காலம் எரிச்சல் தாங்காமல் பாறை மேல் ஏறிக் கத்தினாள், ஊர் கேட்டது, வேலை அவளோடு ஒட்டிக்கொண்டது.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம். இடுப்பில் சுற்றிய துணிப்பட்டைக்குள் மாட்டுக்கு உப்பு, தனக்குப் புகையிலை, வழியில் பார்க்கிற குழந்தைகளுக்கு மிட்டாய் என்று ஒரு சின்னக் கடையே இருக்கும். மூன்றும் ஒன்றோடொன்று கலந்து, மிட்டாய் வாங்கிய குழந்தைகள் தும்முவதும் உண்டு. மெதுவாகப் பேச அவளுக்கு வராது. காதோடு காதாக ஏதாவது சொன்னாள் என்றால் எதிர்ச்சரிவில் மேய்கிற ஆடுகள் தலைதூக்கிப் பார்க்கும். அதனால் ஊரில் யாரும் அவளிடம் ரகசியம் சொல்வதில்லை. அவளுக்கு அதில் குறையுமில்லை.

"ரகசியம்னா என்ன, கெட்டுப்போன சேதி. நல்ல சேதிய எவன் மறைச்சு வைப்பான்?" என்பாள்.

முறை தவறிக் குக்கர் வைக்கிறவர்களைப் பிடிக்க அவளிடம் ஒரு வழி உண்டு. வீட்டில் ஒரு பழைய டிவி. யாராவது திருட்டுத்தனமாக உலை வைத்தால் வோல்டேஜ் இறங்கி, செய்தி வாசிக்கிறவரின் முகம் இரண்டு பக்கமும் ஒடுங்கி, பட்டினி கிடந்தவர் மாதிரி ஆகிவிடும். உடனே பாறைக்கு ஓடுவாள்.

"யாருன்னு எனக்குத் தெரியும். பேரைச் சொல்லட்டுமா, நீயா இறக்கறியா?"

யாரென்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது. ஆனால் அவள் திரும்பி வீட்டுக்குள் நுழைவதற்குள் செய்தி வாசிப்பவர் சதை போட்டிருப்பார். சில நாள் தேவைக்கு மேலேயே தெளிவாகத் தெரிவார். ஒருவரைத் திட்டினால் நாலு பேர் இறக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்தப் பாறையிலிருந்து பார்த்தால் எதிரே ஆழமான பள்ளத்தாக்கு. அதற்கு அந்தப் பக்கம், செங்குத்தான சரிவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு கைப்பிடி வீடுகள். பீர்குனா. பகலில் தகரக் கூரைகள் பளிச்சென்று தெரியும். பொழுது சாய்ந்தால் அங்கே ஊர் இருக்கிறது என்பதற்கே அத்தாட்சி கிடையாது. பீர்குனாவுக்குக் கரண்டு இல்லை. ஐதமாயாவின் ஒரே மகள் சுக்மாயா அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பகலெல்லாம் அம்மாவும் மகளும் பள்ளத்தாக்குக்கு மேலாகவே பேசிக்கொள்வார்கள். மாடு ஈன்றது, மாமியார் கோபித்தது, புளித்த கீரை காய்ந்தது எல்லாம் ஊரறியப் போகும், வரும். இருட்டிவிட்டால் பேச்சு நின்றுவிடும். ஆள் தெரியாமல் எதைப் பார்த்துப் பேசுவது?

"கண்ணு முன்னாடிதான் இருக்கா. ஆனா ஆறு மணிக்கு மேல எனக்கு மகளே இல்ல" என்று ஐதமாயா சொல்லும்போது மட்டும் அந்தக் குரல் கொஞ்சம் தேய்ந்து வரும்.

ஒரு வருஷம் மழை ஓய்கிற சமயம், அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சங்கத்தின் மகாசபையில் எழுந்து பீர்குனாவுக்குக் கரண்டு கேட்டுவிடுவது. இரண்டு முறையாக ஓடுகிற சமையலை மூன்று முறையாக்கினால், இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரே போதும் என்பது அவள் கணக்கு. கணவன் காய்லாவிடம் சொன்னாள். காய்லா மூங்கில் சீவிக்கொண்டிருந்தான். நிமிராமலே பதில் சொன்னான்.

"கேக்கறதுக்கு மகாசபை எதுக்கு? பாறையில நின்னு கேளு. மூணு ஊருக்கும் கேக்கும்."

"பாறையில நின்னு கேட்டா இல்லைன்னு சொல்லிட்டு வீட்டுக்குள்ள போயிடுவாங்க. எதிர்ல உக்காத்தி வெச்சுக் கேக்கணும்."

இல்லை என்று சொல்லப்போகிறவர் யார் என்பதும் அவளுக்குத் தெரியும். தீர்த்த பகதூர் கார்க்கி. கைராங்கில் மாவு மில்லும் கடையும் வைத்திருப்பவர், சங்கத்தின் கமிட்டி உறுப்பினர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு பொருள் தன் கையை விட்டுப் போகிறது என்றால் அதன் பின்னால் நாலு எட்டு நடந்து வழியனுப்பிவிட்டு வருகிறவர்.

மகாசபை சனிக்கிழமை காலையில், சிமல்டாண்டாவின் பள்ளிக்கூட மைதானத்தில் கூடும். சங்கத்தின் கரண்டிலேயே மைக் போடுவார்கள். இந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. தலைவர் பூர்ண லாமா சங்கத்தின் வரலாற்றை முதலில் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் அதே வரலாறு. ஒரு வார்த்தை மாறினால் சபையே திருத்தும்.

"நம்ம தலைக்கு மேலதான் பெரிய பெரிய இரும்புக் கோபுரம் போச்சு" என்று ஆரம்பித்தார் பூர்ண லாமா.

"நம்ம வயல்ல கால் ஊணித்தான் போச்சு" என்று சபை சேர்த்துக்கொண்டது.

"வயல்ல கால் ஊணித்தான் போச்சு. பட்டணத்துக்குக் கரண்டு கொண்டு போச்சு. நமக்கு ஒரு பல்பு குடுத்துதா?"

"நம்ம ஊர்ல நிக்காத பஸ்ஸு மாதிரி போச்சு."

அந்த 'நிக்காத பஸ்' பூர்ண லாமாவின் சொந்தச் சரக்கு. அதையும் சபை முந்திக்கொண்டு சொல்லிவிட்டதில் அவருக்கு ஆண்டுதோறும் ஒரு சின்ன வருத்தம். கரண்டு ஆபீசில் கேட்டதற்கு, மலையில் வீடுகள் எட்ட எட்ட இருக்கின்றன, உங்களுக்குக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று பதில் வந்தது. சரி, நாமே சங்கம் வைத்துக் கரண்டை மொத்தமாக வாங்கி வீடு வீடாகக் கொடுத்துக்கொள்வோம், கம்பத்தையும் நாமே தூக்குவோம் என்று மூன்று ஊரும் கூடி முடிவு செய்தன. மூன்றாவது ஊர் பீர்குனா.

கம்பம் என்றால் முழு மரம். கரி எண்ணெய் பூசியது. தோளில் ஒட்டினால் தோலோடுதான் வரும். ரோடு மலையடிவாரத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து ஒவ்வொரு கம்பத்துக்கும் இருபது இருபத்தைந்து பேர், குறுக்கே மூங்கில் கொடுத்துத் தூக்கி வந்தார்கள். தூக்குகிறவர்களுக்கு ஒரு குரல் வேண்டும். முன்னால் ஒருவர் "ஹொஸ்தே" என்றால் மற்றவர்கள் "ஹைசே" என்று ஒரே மூச்சில் அடி வைப்பார்கள். அந்த முன்குரல் ஐதமாயாவுடையது. அப்போது சுக்மாயா அவள் முதுகுத் தூளியில் தூங்குகிற குழந்தை. அந்தக் கூச்சலில் தூங்கிய குழந்தை இன்றுவரை எந்த இடிக்கும் விழிப்பதில்லை.

கொண்டையூசி வளைவு ஒன்றில் முதல் கம்பம் திரும்ப மறுத்தது. ஆள் வளைவான், கம்பம் வளையுமா? கார்க்கியின் கேழ்வரகு வயலுக்குள் இறங்கித்தான் ஏறியாக வேண்டும். அறுவடை முடியட்டும் என்று சொல்லிவிட்டார் கார்க்கி. கம்பம் அங்கேயே கிடந்தது. ஜனங்கள் அதில் உட்கார்ந்து இளைப்பாறினார்கள், மிளகாய் காயவைத்தார்கள். இரண்டு கல்யாணம் அந்தக் கம்பத்தின் மேல் உட்கார்ந்து பேசி முடிந்தது. கடைசியில் ஐதமாயா தினமும் கோழி கூவுவதற்கு முன்னால் கார்க்கியின் வீட்டுக்கு நேரே நின்று "ஹொஸ்தே" பழக ஆரம்பித்தாள். குரல் துருப்பிடிக்கக் கூடாது இல்லையா? மூன்றாம் நாள் கார்க்கி போர்வையோடு வெளியே வந்தார். 'கம்பத்த எடுத்துட்டுப் போங்க. அந்தக் குரலையும் சேர்த்து எடுத்துட்டுப் போங்க' என்றார்.

பூர்ண லாமா இந்த இடத்துக்கு வரும்போது எல்லோரும் கார்க்கியைத் திரும்பிப் பார்ப்பார்கள். கார்க்கியும் ஏதோ பட்டம் வாங்குகிறவர் போல எழுந்து கும்பிடுவார். அந்த ஆண்டும் கும்பிட்டார். ஆனால் வரலாற்றின் கடைசிப் பகுதியைச் சொல்லும்போது பூர்ண லாமாவின் குரல் வழக்கம்போல வேகமெடுத்து ஓடிவிடும். கம்பி சிமல்டாண்டாவோடு தீர்ந்துபோனது. டிரான்ஸ்ஃபார்மரும் தாங்காது என்றார்கள். பீர்குனாவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்தப் 'பிறகு' வளர்ந்து கல்யாணமாகி, பீர்குனாவிலேயே குடித்தனமும் வைத்துவிட்டது. மைதானத்தின் கடைசியில், மரத்தடியில், சுக்மாயாவும் மாமனாரும் இன்னும் சில பீர்குனாக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். உறுப்பினர்கள் இல்லை. விருந்தாளிகள்.

சரித்திரம் நடந்துகொண்டிருந்தபோது இன்னொரு காரியமும் நடந்தது. சபை எப்போது முடியும் என்று யாருக்குமே தெரியாது. வீட்டுக்குப் போனதும் சோறு வேண்டும். பாறையில் இன்றைக்கு ஆள் இல்லை, ஆள் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த எண்ணம் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் வந்தது. தனக்கு மட்டும்தான் வந்தது என்று எல்லோருமே நினைத்தார்கள். கோபுரக் கதை ஓடும்போதே சிமல்டாண்டாப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய், கையைத் துடைத்துக்கொண்டு கம்பக் கதைக்குத் திரும்பி வந்தார்கள். கைராங்குக்காரர்கள் போனை முந்தானைக்குள் வைத்து, "வெச்சிடு" என்று வீட்டுக்கு ஒரு வார்த்தை சொன்னார்கள்.

பிறகு ஐதமாயா எழுந்து தன் கோரிக்கையைச் சொன்னாள். இரண்டை மூன்றாக்குங்கள், பீர்குனாவுக்குக் கம்பி இழுங்கள். பேச்சு அவ்வளவுதான். பதில் சொல்லக் கார்க்கி மைக்குக்கு வந்தார்.

"அக்கா சொல்றது மனசுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா இருக்கிற ரெண்டு ஊருக்கே இந்த டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு வாங்குது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வரட்டும், முதல் கம்பத்த நானே தோள் குடுத்துத் தூக்கறேன். அதுவரைக்கும் நம்ம கரண்டு நமக்கே…"

மைக் செத்துவிட்டது. கார்க்கியின் வாய் மட்டும் இரண்டு வார்த்தை தூரம் ஓடி நின்றது. பள்ளிக்கூட வராந்தாவில் எரிந்த விளக்கும் அணைந்திருந்தது. ஃபியூஸ் போய்விட்டது. விஷயம் புரிந்ததும் கார்க்கி இரண்டு கைகளையும் அகல விரித்து, சபையை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். கடவுளே வந்து சாட்சி சொல்லிவிட்ட பிறகு வக்கீலுக்கு என்ன வேலை?

"அதான் போச்சே" என்றார்கள் கைராங்குக்காரர்கள். "ரெண்டு ஊருக்கே பத்தல, மூணாவதாம்."

மரத்தடியில் சுக்மாயாவின் மாமனார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பீர்குனாவுக்கு இறங்கி ஏற வேண்டும், வெயிலுக்கு முன்னால் போனால்தான் நல்லது. மற்றவர்களும் எழுந்தார்கள்.

ஐதமாயா அவர்கள் எழுவதைப் பார்த்தாள். கோபுரக் கதையின்போது எழுந்து போய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர்களில் அவளும் ஒருத்தி. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் வாயை மூடி அவளுக்குப் பழக்கமில்லை.

"அதுல ஒரு குக்கர் என்னோடது" என்றாள்.

மைக்கில் பேசியதே கடைசி வரிசைக்குச் சரியாகக் கேட்டதில்லை, மைக் இல்லாமல் அவள் சொன்னது கேட்டது. புறப்பட்டுப் போன பீர்குனாக்காரர்கள் நின்றார்கள்.

"ஆமா. நடுவுல போய் அரிசி களைஞ்சு வெச்சிட்டுத்தான் வந்து உக்காந்தேன். என் மூஞ்சிய ஏன் பாக்கறீங்க? இன்னும் யாரார் வெச்சீங்க? பேரைச் சொல்லட்டுமா, நீங்களா சொல்றீங்களா?"

சிமல்டாண்டா வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. "எங்க வீட்டுல மாமியா வெச்சாங்க" என்று மாமியார் தலையில் பழியைப் போட்டு இன்னொரு கை. கைராங்கு பக்கத்திலிருந்து மூன்று நான்கு. ஒருவர் இரண்டு கையையும் தூக்கினார். அவர் வீட்டில் மாட்டுத் தவிட்டுக்கு ஒரு குக்கர் தனியாம். பூர்ண லாமா மேடையில் உட்கார்ந்தபடியே, மோவாயைச் சொறிகிற மாதிரி தன் கையையும் பாதி தூக்கினார். சிரிப்பு கிளம்ப ஆரம்பித்துவிட்டது. கடைசியாகப் பெண்கள் வரிசையிலிருந்து கார்க்கியின் மனைவி எழுந்து நின்றாள்.

"நம்ம வீட்டுலயும்தாங்க" என்றாள் கணவனைப் பார்த்து. "நீங்கதானே பேசி முடிச்சா பசிக்கும்னீங்க?"

மைதானம் குலுங்கிச் சிரித்தது. விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கார்க்கி அவற்றைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கிற வழக்கம் ஐதமாயாவுக்குக் கிடையாது. அதற்கு மேலாகவே பேசினாள்.

"இத்தனை வருஷமா அந்தப் பாறையில நின்னு கத்தறேன். ஒருநாள் பீஸு போச்சா? இன்னிக்கு ஒரு நாள் நான் இங்க உக்காந்தேன், எல்லாருமா சேர்ந்து திருடினோம், போயிடுச்சு. கரண்டு பத்தாம போகல அண்ணே. முறை இல்லாம போச்சு. முறையா நின்னா மூணு ஊருக்கும் சோறு வேகும். அப்புறம் தானம்னு சொன்னீங்க. எதுங்க தானம்? அதோ நிக்கறாங்களே, அவங்க தோளு மேல ஏறி வந்த கரண்டு இது. அவங்க தோல் இன்னும் நம்ம கம்பத்துல ஒட்டியிருக்கு."

"மகளை அங்க குடுத்திருக்கியே, அதான் பேசற" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஆமா. மகளுக்காகத்தான் பேசறேன். பின்ன யாருக்காகப் பேசறது? உன் மகளை அங்க குடுத்திருந்தா நீ பேசியிருப்ப, நான் உக்காந்து கேட்டுட்டிருந்திருப்பேன்."

சிக்கல் இன்னும் ஒன்று இருந்தது. மூன்று முறை என்றால் ஒரு ஊர் நாலு மணிக்கே உலை வைத்தாக வேண்டும். வெயில் முற்றத்தில் நிற்கும்போதே ராச்சாப்பாடு. அது யார் என்று பூர்ண லாமா கேட்டார். கைராங்கு சிமல்டாண்டாவைப் பார்த்தது. சிமல்டாண்டா வானத்தைப் பார்த்தது.

"சிமல்டாண்டா எடுத்துக்கும்" என்றாள் ஐதமாயா.

சொந்த ஊர் அவள் மேல் பாய்ந்தது. உன்னை யார் கேட்டது, எங்கள் வயிற்றுக்கு நீ என்ன நாட்டாமையா என்று நாலு பக்கமும் பேச்சு. கூட்டத்திலிருந்து காய்லா எழுந்து நின்றான். மனைவியை எதிர்த்து அவன் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

"நாலு மணிக்குத் தின்னா எட்டு மணிக்கு மறுபடியும் பசிக்கும். அதுக்கு யாரு பொறுப்பு?"

"எட்டு மணிக்குத் தூங்கிடு."

"பசியோட எப்படித் தூங்கறது?"

"பீர்குனாவுல இருட்டுல எப்படித் திங்கறாங்களோ, அப்படி."

காய்லா யோசித்தான். அவனுக்கும் மகள்தானே. "சரி, அவிச்ச உருளைக்கிழங்கு ரெண்டு எடுத்து வெச்சிடு" என்று சொல்லி உட்கார்ந்தான். ஊர்ப் பெண்களில் ஒருத்தி, நாலு மணிக்கு வேலை முடிந்துவிட்டால் சாயங்காலம் முழுக்க டிவி பார்க்கலாமே என்றாள். அது பெண்கள் வரிசையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது சிமல்டாண்டாவின் கோபம் பாதி இறங்கியிருந்தது.

கார்க்கி எழுந்தார். சட்டைப் பையிலிருந்து கைகளை வெளியே எடுத்தார்.

"கம்பம் எங்க வயல் வழியாத்தானே போகணும்?"

"ஆமா" என்றார் பூர்ண லாமா, பழைய பயத்தோடு.

"கேழ்வரகு இப்பவும் நிக்குது. பரவாயில்ல, தூக்கிட்டுப் போங்க. ஆனா இந்தக்கா கோழி கூவறதுக்கு முன்னாடி வந்து எங்க வாசல்ல நிக்கக் கூடாது. அத முதல்ல தீர்மானத்துல எழுதுங்க."

அதைத்தான் முதலில் எழுதினார்கள். பிறகு மற்றதற்குக் கை தூக்கச் சொன்னார்கள். எண்ணுகிற அளவுக்கு எதிர்ப்பு இல்லை. மரத்தடியில் சுக்மாயாவின் மாமனார் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மறுபடியும் மடித்தார். எதற்கென்று அவருக்கே தெரியாமல் பிரித்து, இன்னொரு முறை மடித்தார்.

தசைன் பண்டிகை முடிந்த கையோடு கம்பம் தூக்கினார்கள். பட்டணத்தில் வேலை பார்க்கிறவர்கள் விடுமுறைக்கு வந்திருந்ததால் தோளுக்குப் பஞ்சமில்லை. அடிவாரத்திலிருந்து ஏறி, கார்க்கியின் வயலில் புகுந்து, சிமல்டாண்டா தாண்டி, பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். வயலில் கார்க்கியே முன்னால் நடந்து கேழ்வரகுத் தாளைக் கையால் ஒதுக்கி வழி விட்டார். மிதித்த ஒவ்வொரு காலையும் பெயர் சொல்லித் திட்டினார். சொன்ன சொல் தவறாமல் முதல் கம்பத்துக்குத் தோளும் கொடுத்தார். அவர் இருந்த குள்ளத்துக்கு மூங்கில் தோளைத் தொடவே இல்லை. இருந்தாலும் "ஹைசே" எல்லோரையும் விட உரக்க வந்தது அவரிடமிருந்துதான்.

பள்ளத்தில் இறங்கும்போதுதான் கஷ்டம். கம்பம் முன்னால் இருப்பவர்களைத் தள்ளும். அங்கே ஐதமாயா "ஹொஸ்தே"யை இழுத்து இழுத்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி கொடுத்தாள். எதிரே ஏற்றத்தில் குரல் துள்ளியது. நடுநடுவே அவளாகவே அடி கட்டிப் பாடினாள். காய்லாவுக்கு நாலு மணிக்குச் சோறு என்று ஒரு அடி. கார்க்கி வீட்டுக் குக்கர் கணவனைக் காட்டிக் கொடுத்தது என்று ஒரு அடி. சிரித்துக்கொண்டே தூக்கினால் கனம் தெரியாது என்பார்கள். தெரியும். இருந்தாலும் தூக்கிவிடலாம்.

லைன்மேன் கம்பியை இணைத்தது திஹார் தீப விழாவின் இரண்டாம் நாள். நாய்களுக்குப் பொட்டு வைத்து, செண்டுப்பூ மாலை போட்டு, வயிறாரச் சோறு போடுகிற நாள். மூன்று ஊர் நாய்களும் மாலையோடு குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தன. நாலு மணிக்கு ஐதமாயா பாறையில் ஏறிச் சிமல்டாண்டாவை உலை வைக்கச் சொன்னாள். ஐந்து மணிக்கு அதை இறக்கச் சொல்லிக் கைராங்கை வைக்கச் சொன்னாள். அதுவரை குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆறு மணிக்கு நன்றாக இருட்டிவிட்டது. கைராங்கை இறக்கச் சொன்னாள். பிறகு கைகளைக் குவித்தபடி அப்படியே நின்றாள். அந்தப் பெயரை ஆயிரம் தடவை கூப்பிட்டிருக்கிறாள், மாடு தொலைந்ததற்கும் மழை வந்ததற்கும். உலை வைக்கச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"பீர்குனா…" என்றாள். செருமிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தாள். "பீர்குனா… வையுங்க."

"வெச்சாச்சும்மா" என்று வந்தது சுக்மாயாவின் குரல். அளவில் அம்மாவின் குரலுக்கு ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை.

ஐதமாயா பாறையிலிருந்து இறங்கி முற்றத்துக்கு வந்தாள். எதிர்ச்சரிவைப் பார்த்து உட்கார்ந்தாள். வாசல் விட்டத்தில் தொங்கிய பல்பு கண்ணைக் கூச வைத்தது. கையைப் புருவத்துக்கு மேல் வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஏதோ மினுங்குகிறது என்று தெரிந்ததே தவிர, எது எந்த வீடு என்று பிரியவில்லை. எழுந்து போய்ச் சுவரில் ஸ்விட்சைத் தட்டினாள். முற்றம் இருண்டது. எதிரே மலையில் பீர்குனா வீடு வீடாக எழுந்து நின்றது. மேலிருந்து மூன்றாவது சுக்மாயாவுடையது.

உள்ளே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த காய்லா கேட்டான்.

"என்ன, பீஸு போச்சா?"

"போகல. நான்தான் அணைச்சேன்" என்றாள் ஐதமாயா. "இது எரிஞ்சா அது தெரியல."